வசதி இருக்கிறது என்றார்கள்

தொலைபேசியில் நான் கேட்டது ஒரே கேள்வி. "சக்கர நாற்காலியில் வருபவருக்கு வசதி இருக்கிறதா?" எதிர்முனையில் இருந்த இளைஞர் ஒரு நொடிகூட யோசிக்காமல், "எல்லா வசதியும் இருக்கிறது, தாராளமாக வாருங்கள் மேடம்" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. அந்தத் திரையரங்கின் வாசலில் சாய்தளம் இருந்தது, லிஃப்ட் இருந்தது, வரிசையின் ஓரத்தில் நாற்காலியை நிறுத்த இடமும் இருந்தது. கேட்கத் தெரியாமல் கேட்டது நான்தான். அதற்கு நான் கொடுத்த விலை 8,350 ரூபாயும் ஆறு நாள் விடுப்பும் இன்றுவரை முழுதாக விடாத இடுப்புவலியும். வளர்ந்த பிள்ளையை வைத்துக்கொண்டு வெளியே கிளம்பலாமா வேண்டாமா என்று யோசிக்கிறவர்கள் வேலூர்ப் பக்கத்தில் நான் ஒருத்தி மட்டும் இருக்க முடியாது. அவர்களுக்காக நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். சில இடங்கள் படிக்கக் கூச்சமாக இருக்கலாம். எழுதவும் கூச்சமாகத்தான் இருக்கிறது.

என் மகனுக்கு 23 வயது. மூளை முடக்குவாதம். ஐந்தரை அடி உயரம், 48 கிலோ எடை. நிற்க முடியாது, கால்கள் விறைத்துக்கொள்ளும். பேச்சு நான்கைந்து சொற்களுக்கு மேல் இல்லை. ஆனால் பிடித்தது எது, பிடிக்காதது எது என்பதை வலது கையால் துல்லியமாகச் சொல்லிவிடுவான். டயப்பர் கட்ட வேண்டும். சிறுவனாக இருந்தவரை இடுப்பில் தூக்கிக்கொண்டு எங்கும் போய் வந்தோம். கோட்டைப் பூங்கா, பொருட்காட்சி, அமிர்தி. பஸ்ஸில் மடியிலேயே போட்டுத் துணி மாற்றியிருக்கிறேன், யாரும் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார்கள். மீசை அரும்பிய பிறகு மடி போதவில்லை. வெளியே போவது என்றைக்கு நின்றது என்று எனக்கே தேதி தெரியாது. மருத்துவமனைக்கும் குலதெய்வத்துக்கும் தவிர அவன் நாங்கள் குடியிருக்கும் சத்துவாச்சாரியை விட்டு வெளியே வந்து ஏழெட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன.

சென்ற மே மாதம் அவன் பிறந்தநாள். தொலைக்காட்சியில் ஒரு படத்தின் முன்னோட்டம் வரும்போதெல்லாம் கையைத் தட்டிக்கொண்டே இருந்தான். என் கணவருக்கு ராணிப்பேட்டையில் ஒரு தோல் தொழிற்சாலையில் வேலை, அன்று இரண்டாம் ஷிப்ட். நான் கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தர். அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டு, நானே தனியாக அழைத்துப் போவது என்று முடிவு செய்தேன். முதல் தவறு அங்கேதான் தொடங்கியது என்று சொல்லலாம். ஆனால் துணை கிடைக்கும் நாளில்தான் போக வேண்டும் என்றால் எங்களைப் போன்றவர்கள் போகவே முடியாது.

இரண்டாவது தவறு தண்ணீர். காலையிலிருந்து அவனுக்கு அரை டம்ளருக்கு மேல் தரவில்லை. இதை நான் கண்டுபிடிக்கவில்லை. இப்படிப் பிள்ளை வைத்திருக்கிற பல அம்மாக்கள் வெளியே போகும் நாளில் செய்கிற தந்திரம்தான். நமக்கே பஸ் பயணத்துக்கு முன் அதைத்தானே செய்கிறோம். வேலூர் வெயிலில், அதுவும் அக்னி நட்சத்திரத்தில், ஒரு பிள்ளையைத் தாகத்தோடு வைத்திருந்ததன் பலன் மூன்றாம் நாள் காய்ச்சலாக வந்தது. சிறுநீர்த் தொற்று. மருத்துவர் கட்டணம், சிறுநீர்ப் பரிசோதனை, மாத்திரை எல்லாம் சேர்த்து 1,730 ரூபாய். மருத்துவர் என்னைத் திட்டவில்லை. "தண்ணீரைக் குறைத்தால் சிறுநீர் குறையும் அம்மா, கிருமி குறையாது" என்று மட்டும் சொன்னார். திட்டியிருக்கலாம். தண்ணீரை நிறுத்தினால் மலமும் இறுகும், அது வரும் நேரமும் நம் கணக்கில் நிற்காது. ஆகவே தண்ணீரில் கை வைக்காதீர்கள். அதற்குப் பதில் டயப்பருக்குள் வைக்கும் கூடுதல் பேட் ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

படம் தொடங்கியது. முதல் காட்சியில் அரங்கமே அதிர்ந்தபோது அவன் திடுக்கிட்டு என் கையைப் பிடித்தான், பிறகு சிரித்தான். அந்தச் சிரிப்புக்கே செலவழித்த காசு சரியாகிவிட்டது என்று நினைத்தேன். இடைவேளைக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது வாடை வந்தது. பின்வரிசையில் யாரோ சீட்டை மாற்றிக்கொள்ளும் சத்தம் கேட்டது.

வெளியே வந்தால் இரண்டு கதவுகள். ஆண்கள், பெண்கள். ஆண்கள் பக்கம் நான் போக முடியாது. பெண்கள் பக்கம் நாற்காலியைத் தள்ளினேன். உள்ளே தலை வாரிக்கொண்டிருந்த ஓர் அம்மா, "இவ்வளவு பெரிய பையனை இங்கே அழைத்து வரலாமா?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. அவர் பக்கத்தில் பதினாறு வயதுப் பெண் ஒருத்தி நின்றிருந்தாள், அவள் முகத்தைப் பார்த்ததும் எனக்கே நியாயமாகப் பட்டது. பின்னால் தள்ளிக்கொண்டு வந்தேன். நடைவழியின் கடைசியில் சக்கர நாற்காலிப் படம் ஒட்டிய மூன்றாவது கதவு இருந்தது. பூட்டு தொங்கியது.

சாவி மேற்பார்வையாளரிடம், மேற்பார்வையாளர் கீழ்த்தளத்தில். பாப்கார்ன் விற்கும் தம்பி ஓடிப்போய் அவரை அழைத்து வரப் பன்னிரண்டு நிமிடம் ஆனது. கதவைத் திறந்தால் உள்ளே துடைப்பங்கள், பினாயில் கேன்கள், உடைந்த இருக்கை இரண்டு, சுருட்டி வைத்த பேனர். "யாரும் வருவதில்லை மேடம், அதனால்தான்" என்றார். பூட்டி வைத்தால் யார் வருவார்கள் என்று அப்போது கேட்கத் தோன்றவில்லை. எல்லாவற்றையும் வெளியே எடுத்துப் போட்டார்கள். அறை நல்ல அறைதான். கைப்பிடிக் கம்பி இருந்தது, மேல்நாட்டுக் கழிப்பறை இருந்தது, கை கழுவும் தொட்டி தாழ்வாக இருந்தது. சக்கர நாற்காலியிலிருந்து தானே மாறி உட்காரக்கூடிய ஒருவருக்கு அது போதும். என் மகனால் அதில் உட்கார முடியாது. அவனைப் படுக்க வைத்துத்தான் மாற்ற வேண்டும். படுக்க வைக்க அங்கே தரையைத் தவிர ஒன்றும் இல்லை. கைக்குழந்தைக்கு மடக்குப் பலகை வைக்க வேண்டும் என்று இப்போது பல இடங்களில் தெரிந்திருக்கிறது. அந்தக் குழந்தை ஐந்தரை அடி வளர்ந்த பிறகும் அதே தேவையோடு இருக்கக்கூடும் என்பது யாருக்கும் தோன்றுவதில்லை. எனக்கே அந்த அறைக்குள் நிற்கும்வரை தோன்றவில்லையே.

தரை ஈரம். பாப்கார்ன் தம்பிதான் அந்தப் பழைய ஃபிளக்ஸ் பேனரை உதறி விரித்தான். போன பொங்கலுக்கு வந்த ஏதோ படத்தின் பேனர். கதாநாயகனின் முகம் மேலே, மீசை மட்டும் ஒரு முழ நீளம். அதன் மேல் என் மகனை இறக்கினேன். இறக்குவது ஒருவழியாக முடிந்தது. மாற்றினேன், துடைத்தேன், பேன்ட்டை ஒரு பையில் கட்டினேன். 650 ரூபாய் பேன்ட், புதிது, வீட்டுக்கு வந்ததும் தூக்கிப்போட்டேன். அவன் அத்தனை நேரமும் மேலே விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தான். என் பக்கம் திரும்பவில்லை. 23 வயதுப் பிள்ளைக்கு வெட்கம் இருக்காது என்று நினைப்பவர்கள் அந்தப் பார்வையைப் பார்த்திருக்க வேண்டும்.

தரையிலிருந்து நாற்காலிக்குத் தூக்குவதுதான் முடியவில்லை. வீட்டில் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றும் பழக்கம் இருபது வருடமாக உண்டு. அது சம உயரம், சறுக்கினால் போதும். தரையிலிருந்து ஒன்றரை அடி தூக்குவது வேறு வேலை என்பது, தூக்க முயன்று இடுப்பில் ஏதோ சுளுக்கிக்கொண்ட பிறகுதான் தெரிந்தது. கதவைத் திறந்து அந்தத் தம்பியையும் வண்டி நிறுத்தும் இடத்துப் பெரியவரையும் கூப்பிட்டேன். இருவரும் முகம் சுளிக்காமல் தூக்கி உட்கார வைத்தார்கள். பணம் கொடுத்தேன், வாங்கவில்லை. மிச்சப் படம் பார்க்கவில்லை.

கணக்கைச் சொல்லிவிடுகிறேன், எனக்கு எழுதி வைக்கும் பழக்கம். ஆட்டோ போக வர 700, டிக்கெட் இரண்டுக்கு 390, பாப்கார்ன் 180, பேன்ட் 650, அவனுடைய மருத்துவச் செலவு 1,730, என் இடுப்புக்குப் பத்து நாள் பிசியோதெரபி 3,000, ஆறு நாள் விடுப்பில் சம்பளம் பிடித்த இரண்டு நாள் 1,700. பார்த்த படம் ஒரு மணி பத்து நிமிடம்.

இப்போது நான் தொலைபேசியில் கேட்பதெல்லாம் வேறு கேள்விகள். "வசதி" என்ற சொல்லையே எடுப்பதில்லை. அந்தச் சொல்லுக்கு "இருக்கிறது" என்ற பதில் ஒட்டிக்கொண்டே வருகிறது. கழிப்பறைக் கதவின் அகலம் எத்தனை அங்குலம், கதவு வெளிப்பக்கம் திறக்குமா, சாவி யாரிடம் இருக்கும், ஆண் பெண் இரண்டுக்கும் பொதுவான தனி அறையா, உள்ளே ஒரு பெரிய ஆளைப் படுக்க வைக்க இடம் இருக்கிறதா, தூக்க ஒரு கை கிடைக்குமா. கடைசியாக, வாட்ஸ்அப்பில் உள்ளே ஒரு படம் எடுத்து அனுப்ப முடியுமா என்று கேட்பேன். அனுப்பினால் துடைப்பமும் தெரியும். மத்திய அரசின் 2021ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிகளின்படி கதவின் திறப்பு 900 மில்லிமீட்டர், ஏறத்தாழ மூன்றடி இருக்க வேண்டும். என் மகனின் நாற்காலி 25 அங்குலம். உங்களுடையதை இன்றே இஞ்சு டேப்பால் அளந்து எழுதி வையுங்கள், தள்ளும் வளையத்தையும் சேர்த்து. முடிந்தால் முதலில் நீங்கள் மட்டும் ஒருமுறை போய்ப் பார்த்து வருவது இன்னும் நல்லது. ஆட்டோவுக்கு ஆகும் காசு வீணில்லை.

பையில் இப்போது இருப்பவை: ஆறடி நீள ரெக்சின் விரிப்பு, அதற்குக் கீழே போட யோகா பாய், கையுறை, ஈரத்துணிப் பொட்டலம், வாய் கட்டக்கூடிய தடித்த பை இரண்டு, மாற்று உடை, அழுத்தமான பருத்திப் போர்வை ஒன்று. டயப்பரில் ஜட்டி போல மாட்டும் வகையை வெளியே எடுத்துப் போகாதீர்கள், அதை மாற்றப் பேன்ட்டை முழுதாகக் கழற்ற வேண்டும். பக்கவாட்டில் ஒட்டும் வகையே வேண்டும். பேன்ட்டின் இருபக்கத் தையலையும் பிரித்து வெல்க்ரோ வைத்துத் தர ஒரு தையற்காரர் 150 ரூபாய் வாங்கினார், பார்த்தால் வித்தியாசமே தெரியாது. லுங்கி எல்லாவற்றையும்விடச் சுலபம்தான், ஆனால் சக்கரத்தில் சிக்கும். அதோடு, படம் பார்க்கப் போகிற இளைஞன் பேன்ட் போட ஆசைப்படுகிறான், அதில் நான் தலையிடுவதில்லை.

போர்வை எதற்கு என்றால் தூக்குவதற்கு. பிசியோதெரபிஸ்ட் சொல்லிக்கொடுத்தார். ஆளைப் போர்வையின் மேல் படுக்க வைத்து, இரு ஓரத்தையும் உடம்புக்கு அருகில் வரும்வரை சுருட்டி, ஒருவர் தோள்பக்கமும் ஒருவர் முழங்கால்பக்கமும் பிடித்து, ஒன்று இரண்டு மூன்று எண்ணி முழங்காலை மடக்கி எழ வேண்டும். அக்குளில் கை கொடுத்துத் தூக்கக் கூடாது. நாற்காலியின் பிரேக்கை முதலில் போட வேண்டும். இரண்டு பேர் கட்டாயம். வெட்கப்படாமல் ஆள் கூப்பிடுங்கள். நான் வெட்கப்பட்டதன் விலை 3,000 ரூபாய்.

நம் ஊருக்கு மட்டுமே பொருந்தும் ஒரு வழியும் உண்டு. பெரிய மருத்துவமனைக்காக வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் நோயாளிகள் வந்துகொண்டே இருப்பதால் வேலூரில் அதைச் சுற்றி விடுதிகள் நெருக்கமாக இருக்கின்றன. சக்கர நாற்காலியைப் பார்த்து அங்கே யாரும் விழிப்பதில்லை. தரைத்தளத்தில் கட்டிலோடு ஓர் அறையை அரை நாளுக்குக் கேட்டால் சில இடங்களில் தருகிறார்கள். நான் 500 ரூபாய்க்கு எடுத்தேன். நிகழ்ச்சிக்கு முன்னும் பின்னும் அங்கே மாற்றிக்கொள்ளலாம். கல்யாண மண்டபம் என்றால் மணமகன் அறையின் சாவியை முன்னதாகவே பெண் வீட்டாரிடம் கேட்டு வைத்துவிடுவேன். டிக்கெட்டை விட அதிகப் பணம் கொடுத்துச் சிறுநீர் கழிக்க வேண்டியிருக்கிறதே என்று வயிறு எரியத்தான் செய்கிறது.

இடுப்பு கொஞ்சம் தேறியதும் அந்தத் திரையரங்கின் மேலாளரைப் போய்ப் பார்த்தேன். அவர் மரியாதையாகவே பேசினார். "நாங்கள் தனியார் மேடம், அரசுக் கட்டடத்துக்குத்தான் அந்தச் சட்டமெல்லாம்" என்றார். பலரும் அப்படித்தான் நம்புகிறார்கள். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், பொதுமக்கள் வந்துபோகும் தனியார் கட்டடத்தையும் பொதுக் கட்டடம் என்றே சொல்கிறது, பொழுதுபோக்குக்கான இடமும் அதில் அடக்கம். ஏற்கெனவே இருக்கும் கட்டடங்களை அணுகத்தக்கதாக மாற்ற ஐந்து ஆண்டு கெடு, விதிகள் 2017இல் வந்தன, கெடு முடிந்து வெகுகாலம் ஆகிறது. சட்டத்தை மீறினால் முதல்முறை 10,000 ரூபாய் வரை அபராதம், மீண்டும் மீறினால் 50,000 முதல் 5 லட்சம் வரை. அணுகல் தரங்களை வெறும் பரிந்துரையாக வைத்திருக்கும் விதி செல்லாது, கட்டாயத் தரங்களை வகுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2024 நவம்பர் 8 அன்று தீர்ப்பளித்தது. இவற்றை ஒரு தாளில் எழுதி, திங்கட்கிழமை மக்கள் குறைதீர்வு நாளில் கலெக்டர் அலுவலகத்தில் மனுவாகக் கொடுத்தேன். மனு கொடுத்தால் ரசீது வாங்காமல் திரும்பாதீர்கள். அடையாள அட்டையின் நகல், கதவின் புகைப்படம், தேதி, டிக்கெட் எல்லாம் இணைத்திருந்தேன். அன்று எரிச்சலில் டிக்கெட்டைக் கிழித்துப் போடாதது நல்லதாயிற்று.

மேலாளரிடமிருந்து மூன்றாவது வாரம் அழைப்பு வந்தது. அறையைக் காலி செய்துவிட்டோம், சாவி டிக்கெட் கவுன்ட்டரிலேயே தொங்கும் என்றார். படுக்க வைத்து மாற்ற ஒரு பலகை? "அப்படி ஒரு பொருளே கடையில் இல்லையே மேடம்" என்றார். அது ஓரளவு உண்மைதான், நானும் தேடிப் பார்த்தேன். இங்கிலாந்தில் 2006 முதல் இதற்கென்றே ஓர் இயக்கம் நடக்கிறது. பெரியவர்களைப் படுக்க வைத்து மாற்ற உயரம் கூட்டிக் குறைக்கும் பலகை, தூக்கும் கருவி, 12 சதுர மீட்டர் அறை. 2021 ஜனவரி முதல் அங்கே புதிதாகக் கட்டும் பெரிய பொதுக் கட்டடங்களில் அது கட்டாயம். அந்த அறையைக் கேட்டால் நம் மேலாளர் மயங்கி விழுவார். எனக்கு வேண்டியது ஆறடிப் பலகை.

அது காட்பாடியில் கிடைத்தது. உறவினர் ஒருவரை ரயிலேற்றப் போனபோது, பெட்டிக்குள் நடு பெர்த்தைத் தூக்கிச் சங்கிலியில் மாட்டிக்கொண்டிருந்தார்கள். மடக்கினால் சுவர், தூக்கி மாட்டினால் படுக்கை. மறுநாளே சத்துவாச்சாரியில் ஒரு வெல்டிங் பட்டறைக்காரரிடம் படம் வரைந்து காட்டினேன். அவர் சங்கிலியை மட்டும் நம்ப வேண்டாம் அக்கா, முன்பக்கம் இரண்டு மடக்குக் காலும் வைத்துவிடலாம், அப்போதுதான் நூறு கிலோ தாங்கும் என்றார். உயரம் எவ்வளவு என்று கேட்டார். சக்கர நாற்காலி இருக்கையின் உயரமே இருக்கட்டும், இருபது அங்குலம் என்றேன். சறுக்கி மாற்றலாம், தூக்க வேண்டியதில்லை. ஆனால் மாற்றுகிறவர் குனிந்தே நிற்க வேண்டும். முழங்கால் போட்டுக்கொள்ளக் கீழே ஒரு தலையணை வைத்தால் சமாளிக்கலாம். மேலே ரெக்சின் போர்த்திய மெத்தையோடு 7,500 ரூபாய் கேட்டார். அந்தத் தாளைக் கொண்டுபோய் மேலாளர் மேசையில் வைத்தேன். நானே பணம் கட்டிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது, ஆனால் ஏற்கெனவே 8,350 கட்டியாகிவிட்டதே. இரண்டு மாதம் இழுத்தடித்து, முதலாளியிடம் கேட்டு, அக்டோபரில் மாட்டினார்கள். செலவு அவர்களுடையது.

தீபாவளிக்குப் பிறகு ஒரு பகல் காட்சிக்குப் போனோம். தண்ணீர் தாராளமாகக் குடிக்க வைத்தேன். இடைவேளையில் கவுன்ட்டரில் சாவியைக் கேட்டதும் கொடுத்தார்கள். கதவைத் திறந்தால் பெர்த் சுவரோடு மடங்கி நின்றது, அதன் சங்கிலியில் யாரோ ஈரத் துடைப்பத் துணியைக் காயப்போட்டிருந்தார்கள். அதை எடுத்து வெளியே போட்டுவிட்டுப் பலகையை இறக்கினேன். ஒன்பது நிமிடத்தில் முடிந்தது, யாரையும் கூப்பிடவில்லை. அரங்கத்துக்குத் திரும்பும் வழியில் அவன் வலது கையை வாசல் பக்கம் நீட்டினான். நாற்காலியைத் திருப்பி இன்னொருமுறை கேட்டேன். மீண்டும் வாசலைத்தான் காட்டினான். படம் அவனுக்குப் பிடிக்கவில்லை. வீட்டுக்கு வந்துவிட்டோம்.